மைக் எங்க மாஸ்டர்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மாஸ்டர், கிறிஸ்மஸ் கேரல் சர்வீஸ்ல எங்க சர்ச்ல ஒரு பையன், 23 வயசு இருக்கும், 'ஓ ஹோலி நைட்' தனியா பாடினான். பின்னாடி ஆர்கன், பக்கத்துல முப்பது பேர் கொயர், ஆனா கடைசி பெஞ்ச்ல இருந்த எனக்கு காதுக்குள்ள வந்து பாடின மாதிரி இருந்துச்சு. காலர்ல குட்டி மைக் மாட்டியிருப்பான்னு எங்க வீட்டுக்காரர் சாதிக்கிறார். நிஜமா?
– ஒரு வாசகி, குன்னூர்

பதில்: மைக்கும் இல்ல ஒண்ணும் இல்லன்னு அவர்கிட்ட சொல்லிடுங்கம்மா. நானும் அன்னிக்கு அங்கதான் தூண் ஓரமா மஃப்ளரை சுத்திக்கிட்டு உக்காந்திருந்தேன். பையன் ஆபரா (வசனத்தை பாட்டாவே பாடி நடிக்கிற மேல்நாட்டு நாடகம்) முறையில டெனர், அதாவது ஆம்பளைங்க பாடற உச்சக் குரல் கத்துக்கிறவன், அது முதல் வரியிலயே தெரிஞ்சுபோச்சு. பாட்டும் அப்படி, 1847ல அதுக்கு ட்யூன் போட்ட அடால்ஃப் ஆடம் ஆபரா கம்போசர்தான்.

குன்னூர் பஸ் ஸ்டாண்ட்ல நாலு பஸ் உறுமிக்கிட்டு நிக்கும்போது கண்டக்டரோட 'ஊட்டி ஊட்டி ஊட்டி' மட்டும் தனியா கேக்குதுல்ல, அவர் என்ன இன்ஜினை விட சத்தமாவா கத்துறாரு? இன்ஜின் சத்தம் கீழ கெடக்கு, அவர் குரல்ல இருக்கிற கணீர் அதுக்கு மேல நிக்குது, அவ்வளவுதான். ஆர்கெஸ்ட்ராவோட, அதாவது வாத்தியக் கூட்டத்தோட பலம் 500 ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு 500 அதிர்வு) பக்கம், அதுக்கு மேல போகப்போக குறைஞ்சிடும், பழகின ஆபரா பாடகர் தொண்டையை அமைக்கிற விதத்துல அவர் குரல்ல 3000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு கூடுதல் பலம் வரும், நம்ம காதுக்கும் அந்த இடம்தான் ரொம்ப கூர்மை. அதனாலதான் கத்தாமலே கேக்குது. நம்ம நாடக நடிகர் எஸ்.ஜி.கிட்டப்பா மைக் இல்லாத மேடையில உச்சத்துல பாடி கூட்டத்தை கட்டிப்போட்டவர், 1933ல 27 வயசுலயே போயிட்டாரு, உங்க வீட்டுக்காரரோட தாத்தா இருந்திருந்தா காலர் மைக்கை எல்லாம் தேடியிருக்க மாட்டாரு.

இப்போ ரசிக்கிற விஷயத்துக்கு வரேன். எல்லாரும் கைதட்டுனது அந்த கடைசி உச்ச நோட்டுக்கு. நான் கேட்டது அதுக்கு முன்னாடி இருந்த ரெண்டு வினாடி. டெனர் குரல் நடுவுல இருந்து மேல ஏறும்போது ஒரு இடத்துல கியர் மாத்தணும், இத்தாலிக்காரங்க பாஸாஜியோன்னு சொல்வாங்க, பர்லியார் ரோட்டுல கொண்டை ஊசி வளைவு மாதிரி, நல்ல டிரைவர்னா உள்ள தூங்குறவன் முழிக்க மாட்டான். இந்தப் பையன் பாட்டு முடியுற 'டிவைன்'ங்கிற வார்த்தையில அந்த 'ஆ'வை அப்படியே வாயைப் பொளந்து தூக்கல, லேசா 'ஓ' பக்கம் சாய்ச்சு உருட்டி மேல கொண்டு போனான், 'ன்'னை கடைசி நொடியிலதான் மூடினான். தோள் அசையல, கழுத்து நரம்பு பொடைக்கல, விலா மட்டும் விரிஞ்சே நின்னுச்சு. எனக்கு கண்ணுல தண்ணி வந்துருச்சு, குளிர்ன்னு சொல்லி சமாளிச்சேன்.

குறையும் சொல்லணும்ல. கைதட்டல் வருதுன்னு தெரிஞ்சதும் அந்த நோட்டை தேவைக்கு மேல இழுத்தான், முகவாய் தூக்கிக்கிச்சு, குரல்ல இருந்த அந்த பளபளப்பு ஒரு இழை கம்மியாச்சு. வயசு அப்படி.

கேள்வி: இந்த மாதிரி பாடுறவங்க குரல் ஆடிக்கிட்டே இருக்கே மாஸ்டர், சுருதி நிக்காததுனாலயா? எங்க பாட்டு டீச்சரா இருந்தா திட்டுவாங்க.
– ஒரு வாசகர், கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டி

பதில்: அது வைப்ரேட்டோ. தொண்டை இறுக்கம் இல்லாம இருந்தா தானா வர்றது, செகண்டுக்கு 5, 6 தடவை ஆடும், காதுக்கு ஒரே சுரமாத்தான் கேக்கும். அதை விட மெதுவா ஊஞ்சல் மாதிரி ஆடினா உங்க டீச்சர் திட்டுறது நியாயம். கமகத்தோட மட்டும் சேர்த்துப் பார்க்காதீங்க, கமகம் ராகம் கேக்கறது, நாம நெனச்சு போடறது.

கேள்வி: மாஸ்டர், எனக்கு 19 வயசு. காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல 'நெஸ்ஸுன் டோர்மா' பாடப்போறேன். கடைசி உச்சம் எப்படியோ தம் கட்டி புடிச்சிடறேன், ஆனா மறுநாள் தொண்டை கட்டிக்குது. இங்க குளிர் வேற. என்ன சாப்பிடலாம்?
– ஒரு வாசகர், கொடைக்கானல்

பதில்: தம்பி, சாப்பாட்டுல இல்ல கோளாறு, பாட்டை மாத்து. அது இத்தாலி கம்போசர் புச்சீனியோட 'துராந்தோ' ஆபராவுல வர்ற பாட்டு, முதல்ல மேடையேறினது 1926ல, கனமான குரலுக்கு எழுதினது. இத்தாலி டெனர் பவரோட்டின்னாலே எல்லாருக்கும் அந்தப் பாட்டுதான் ஞாபகம் வரும், அவர் ஆபரா மேடை ஏறினது 1961ல, அந்த ஆபராவுல முழுசா வேஷம் கட்டினது 1977லதான். 16 வருஷம் காத்திருந்திருக்காரு மனுஷன், நீ கல்ச்சுரல்ஸுக்கு அடுத்த மாசம்ங்கற!

நானும் உன் வயசுல ஒரு டிசம்பர்ல ஊட்டியில வெறும் வீம்புக்கு கத்தி, மூணு வாரம் சிலேட்டுல எழுதிக் காட்டித்தான் வீட்டுல சாப்பாடு கேட்டேன். எனக்கு பாட்டு சொல்லிக்கொடுத்தவர் 'இன்னும் சத்தமா'ன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தாரு, அந்தக் கோபம் இன்னும் போகல.

உனக்கு வசதியா நடுவுல வர்ற ஒரே ஒரு சுரத்தை எடுத்துக்கோ. சன்னமா ஆரம்பி, மெதுவா பெருசாக்கு, அப்புறம் மறுபடி சன்னமாக்கி முடி, எங்கயும் உடையக்கூடாது, கள்ளக்குரலுக்கு நழுவவும் கூடாது. மெஸ்ஸா டி வோசேன்னு பேரு. கேக்க சுலபம், செஞ்சு பாரு தெரியும். இது வந்துட்டா உச்சம் பின்னாடியே வரும்.

அப்புறம் சூடா டீ குடிச்சா குரல் சரியாகும்னு நம்பாத, டீ போற குழாய் வேற, குரல் நாண் இருக்கிற குழாய் வேற. தண்ணி நாள் பூரா குடி, காலையில ஆவி பிடி, தொண்டை கட்டின அன்னிக்கு பாடாத, ஏரி பக்கம் நின்னு ஃபிரெண்ட்ஸை கூவிக் கூப்பிடவும் வேண்டாம்.