வெண்ணெய் ஐசிங் ஏன் வெள்ளையாக வரவில்லை?

கேள்வி: வெண்ணெயில் ஐசிங் செய்தால் மஞ்சளாகவே நிற்கிறது. பேக்கரி கேக் போலப் பளீர் வெள்ளை வீட்டில் வருமா?
– வாசகி, ஈரோடு

பதில்: பேக்கரியில் பார்க்கும் அந்த வெள்ளை பெரும்பாலும் வெண்ணெயே அல்ல, தாவரக் கொழுப்பில் செய்த விப்பிங் கிரீம். அதோடு போட்டி வேண்டாம். ஆனால் வெண்ணெயிலும் தந்த வெள்ளைக்கும் ஒரு படி மேலே போகலாம்.

முதலில் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். உப்பு போட்ட டேபிள் பட்டர் பலவற்றில் நிறத்துக்கென்றே அனாட்டோ என்ற விதைச் சாயம் சேர்த்திருப்பார்கள். அதை எவ்வளவு அடித்தாலும் மஞ்சள் முழுதாகப் போகாது. உப்பில்லாத வெண்ணெய் வாங்குங்கள். எருமைப்பாலில் மஞ்சள் நிறம் தரும் பீட்டா கரோட்டின் அநேகமாக இல்லை என்பதால் அதன் வெண்ணெய் இயல்பிலேயே வெள்ளை. ஆனால் வீட்டில் கடைந்த வெண்ணெயில் மோரும் தண்ணீரும் தங்கியிருக்கும். ஐசிங் புளிக்கும், திரியும். அது இதற்கு ஆகாது.

எட்டு அங்குல, இரண்டடுக்கு கேக்குக்கு: வெண்ணெய் 250 கிராம், ஐசிங் சுகர் 500 கிராம், நிறமில்லாத வெனிலா எசென்ஸ் 1 டீஸ்பூன், பால் 1 முதல் 2 டேபிள்ஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. பழுப்பு எசென்ஸ் ஊற்றினால் பட்ட பாடெல்லாம் வீண்.

வெண்ணெயில் விரல் வைத்தால் பள்ளம் விழ வேண்டும், மேலே எண்ணெய் மினுக்கக் கூடாது. சர்க்கரையைத் தொடாமல் வெண்ணெயை மட்டும் எட்டிலிருந்து பத்து நிமிடம் பீட்டரில் அடியுங்கள். நடுநடுவே ஓரத்தை வழித்துவிடுங்கள். பலரும் இரண்டே நிமிடத்தில் சர்க்கரையைக் கொட்டிவிடுகிறார்கள், கோளாறு அங்கேதான். உள்ளே புகும் காற்றுக் குமிழ்கள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் நிறம் வெளுக்கிறது. பிறகு சலித்த ஐசிங் சுகரை நான்கு தவணையாகக் குறைந்த வேகத்தில் சேர்த்து, எசென்ஸ், உப்பு, பால் விட்டு இன்னும் மூன்று நிமிடம் அடியுங்கள். கடைசியில் கரண்டியால் கிண்ணத்தின் ஓரத்தில் அழுத்தித் தேய்த்தால் பெரிய குமிழ்கள் உடைந்து பூச்சு வழவழப்பாக வரும்.

இன்னும் மஞ்சள் தெரிந்தால், ஊதா ஜெல் கலரைப் பல் குத்தும் குச்சி நுனியில் தொட்டு, முதலில் ஒரு ஸ்பூன் ஐசிங்கில் கலந்து, அதிலிருந்து சிறிது சிறிதாகச் சேருங்கள். ஊதா மஞ்சளை அடக்கிவிடும். நீலம் போட்டால் பச்சை தட்டும். ஊதாவே கூடினாலும் சாம்பலாகிவிடும். வெள்ளை ஜெல் கலர்களில் பலவற்றில் இருப்பது டைட்டானியம் டை ஆக்ஸைடு. ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் அதை உணவில் தடை செய்துவிட்டது. குழந்தைகள் சாப்பிடும் கேக்குக்கு அது எதற்கு?

கேள்வி: மிக்ஸியில் அரைத்த சர்க்கரை நறநறக்கிறது. பால் விட்டதும் ஐசிங் திரிந்தும் போகிறது.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: வெண்ணெய்க் கொழுப்பில் சர்க்கரை கரையாது. அரைத்ததில் பரல் இருந்தால் அடித்து அதைச் சரிசெய்ய முடியாது. மெல்லிய துணியில் சலியுங்கள். ஒரு கப்புக்கு ஒரு டேபிள்ஸ்பூன் கார்ன்ஃப்ளாரும் சேர்த்து அரைத்தால் கட்டி தட்டாது. திரிவது குளிர்ந்த பாலால்: கொழுப்பு இறுகி, நீர் தனியே நிற்கிறது. மூன்று ஸ்பூன் ஐசிங்கை எடுத்து லேசாக உருக்கி, திரும்ப ஊற்றி அடியுங்கள், சேர்ந்துவிடும்.

கேள்வி: சென்னை மே மாதத்தில் ஐசிங் பூவெல்லாம் சரிகிறது!
– வாசகி, பெரம்பூர்

பதில்: சரியத்தான் செய்யும். வெண்ணெய் முப்பது டிகிரியைத் தாண்டினாலே நிற்காது. பாதி வெண்ணெய்க்குப் பதில் பேக்கரிப் பொருள் கடையில் கிடைக்கும் வெள்ளை ஷார்ட்டனிங் (மணமில்லாத கெட்டித் தாவரக் கொழுப்பு) போடுங்கள். நிறமும் இன்னும் வெளுக்கும். பாதிக்கு மேல் வேண்டாம், மேல்வாயில் மெழுகு போல ஒட்டும். சமையல் வனஸ்பதி இதற்குச் சரிவராது, மணம் காட்டிக்கொடுத்துவிடும். பூப் போடும்போது கைச்சூட்டில் பைக்குள் இருக்கும் ஐசிங் இளகினால், பையோடு பத்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுங்கள்.