மருத்துவர் பதில்: பத்தாம் நாள் நின்றுபோகும் நடை

கேள்வி: வயது 44. திருநெல்வேலி டவுனில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். எடை 84 கிலோ. போன மாதம் பார்த்ததில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, அதாவது எச்பிஏ1சி, 6.2 இருந்தது. மாத்திரை இப்போது வேண்டாம், பழக்கத்தை மாற்றுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. கடையில் நாளைக்கு ஆறு டீ ஆகிவிடும். ஜனவரி 1 அன்று, தினமும் பத்தாயிரம் அடி நடை, சோறு கிடையாது, இனிப்பு கிடையாது, மூன்று மாதத்தில் 10 கிலோ குறைப்பது என்று சீட்டில் எழுதி ஆரம்பித்தேன். பத்து நாள் ஓடியது. சித்திரை முதல் தேதி மறுபடி ஆரம்பித்து ஒரு வாரம். ஆனித் தேர் முடிந்து ஆரம்பித்தது நான்கே நாள். எனக்கு மன உறுதி இல்லையா? எப்படித் திட்டம் போட்டால் நிலைக்கும்?

பதில்: அண்ணாச்சி, மன உறுதியை விடுங்கள். ராத்திரி ஒன்பதரை வரை நின்று பாத்திரம் விற்கிறவருக்கு அது இல்லை என்றால் நான் நம்பமாட்டேன். கோளாறு அந்தச் சீட்டில் இருக்கிறது.

முதலில் எண்ணைப் பார்த்துவிடுவோம். எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 6.5 ஆனால் சர்க்கரை நோய். நீங்கள் 6.2-இல் இருக்கிறீர்கள். இந்த இடத்திலிருந்து திரும்ப முடியும்.

சென்னை மருத்துவர்கள் உங்களைப் போன்ற 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2006-இல் வெளியானது. மூன்று ஆண்டு முடிவில், வழக்கம்போல் இருந்தவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. நடையையும் சாப்பாட்டையும் சரிசெய்துகொண்டவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு: அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை. அப்படியும் பலன் கிடைத்தது. தராசைப் பார்த்துச் சோர்ந்துபோய் நடையை நிறுத்துகிற ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்கிறேன்.

இப்போது உங்கள் சீட்டு. "10 கிலோ" என்பதை நாளைக்குக் காலையில் எழுந்து உங்களால் செய்ய முடியுமா? முடியாது. அது செய்கிற காரியம் இல்லை, செய்ததன் விளைவு. மாத விற்பனை இவ்வளவு வரவேண்டும் என்று நினைக்கலாம். ஆனால் கடையை நேரத்துக்குத் திறப்பது மட்டும்தானே உங்கள் கையில்? எடையும் அப்படித்தான்.

பத்தாயிரம் அடி கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? 1965-இல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்றார்கள். அதற்கு "பத்தாயிரம் அடி மீட்டர்" என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள். அவ்வளவுதான். எந்த டாக்டரும் சோதித்துச் சொன்ன எண் இல்லை. நடந்தால் நல்லதுதான், ஆனால் நாள் முழுக்கக் கல்லாவில் இருக்கிறவருக்கு முதல் நாளே அது வேண்டாம்.

அப்புறம் அந்த "கிடையாது"கள். தாமிரபரணித் தண்ணீரில் விளைந்த அரிசிச் சோற்றில் வளர்ந்த வயிற்றிடம் நாளை முதல் சோறு கிடையாது என்றால், நான்காம் நாள் ராத்திரி அது உங்களைப் புரோட்டாக் கடையில் கொண்டுபோய் உட்காரவைக்கும். புத்தாண்டுத் தீர்மானம் எடுத்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஸ்வீடனில் ஓர் ஆண்டு கவனித்து 2020-இல் எழுதினார்கள். "இதைச் செய்வேன்" என்று எடுத்தவர்களில் சுமார் 59 சதவீதம் பேர் நிலைத்தார்கள். "இதை விடுவேன்" என்றவர்களில் 47 சதவீதம்.

சரி, என்ன செய்யலாம்? நான்கைத் தூக்கிப்போட்டு ஒன்றை எடுங்கள். ராத்திரி ஷட்டரை இறக்கிப் பூட்டுப் போடுகிறீர்கள் இல்லையா? அந்தப் பூட்டுச் சத்தம்தான் உங்களுக்கு மணி. பூட்டுப் போட்ட கையோடு, வண்டிச் சாவியைத் தொடுவதற்கு முன், ரத வீதியில் பத்து நிமிடம் லாந்திவிட்டு வாருங்கள். நம் ஊர் லாந்தல்தான், வேகம் கூட வேண்டாம். முதல் இரண்டு வாரம் அதற்கு மேல் நடக்க ஆசை வந்தாலும் நடக்காதீர்கள்.

பத்து நிமிடத்தில் என்ன ஆகிவிடும் என்று கேட்பீர்கள். நெல்லையப்பர் தேர் நிலையிலிருந்து கிளம்பும்போது பார்த்திருப்பீர்கள். முன்னால் ஆயிரம் பேர் வடத்தைப் பிடித்திருந்தாலும், பின்னால் தடி போட்டால்தான் சக்கரம் அசையும். அசைந்த பிறகு இழுப்பது வேறு வேலை. இந்த இரண்டு வாரம் தடி போடுகிற வேலை. மூன்றாம் வாரம் பதினைந்து நிமிடம், அப்புறம் இருபது என்று கூட்டி, மூன்று மாதத்தில் வாரத்துக்கு ஐந்து நாள், அரை மணி நேரம், கொஞ்சம் வேகமாக. பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. அந்த வேகம் போதும்.

நானும் ஒரு தை மாதம், காலை ஐந்து மணிக்கு வ.உ.சி. மைதானத்தில் ஒரு மணி நேரம் என்று சபதம் போட்டு, ஒன்பதாம் நாள் போர்வைக்குள் இருந்தவன்தான். ராத்திரி பதினோரு மணிக்குப் படுக்கிறவனுக்கு அது ஆகிற காரியமா? ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒன்றோடு முடிச்சுப் போட்ட பிறகுதான் எனக்கும் நிலைத்தது.

தடங்கல் வரும், அதற்கும் முன்கூட்டியே பதில் வைத்திருங்கள். ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் வலியுறுத்துவது இதைத்தான்: இப்படி ஆனால் இதைச் செய்வேன் என்று முதலிலேயே முடிவு பண்ணிவிட வேண்டும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் வீட்டு மாடிப்படியை ஐந்து தடவை ஏறி இறங்குவேன். தீபாவளி நெருக்கத்தில் கடை பூட்ட நடுராத்திரி ஆனால் தெருமுனை வரை மட்டும் போய்வருவேன். இரண்டு வரிதான், சீட்டின் பின்பக்கம் எழுதுங்கள்.

ஒரு நாள் விட்டுப்போனால்? 2009-இல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்றில், ஒரு செயல் பழக்கமாகச் சுமார் 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை என்று கணக்கு வந்தது. இடையில் ஒரு நாள் விட்டதால் பழக்கம் கெட்டுப்போகவில்லை. நீங்கள் பத்தாம் நாள் நிறுத்தியது, ஒரு நாள் தவறியதும் எல்லாம் போச்சு என்று நினைத்ததால்தான் இருக்கும். அடுத்தடுத்து இரண்டு ராத்திரி விடக்கூடாது, அது மட்டும் விதி.

நடை ஒரு மாதம் ஓடிய பிறகு டீக்கு வாருங்கள். ஆறு டீ, டீக்கு இரண்டு டீஸ்பூன் சீனி என்றால் பன்னிரண்டு டீஸ்பூன், சுமார் ஐம்பது கிராம். ஆறையும் நிறுத்த வேண்டாம். கடைப் பையனிடம் "அரைச் சீனி" என்று சொல்லியனுப்பிப் பழகுங்கள், நாக்கு ஒத்துக்கொள்ளும். கருப்பட்டிக்கு மாறிக்கொள்கிறேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். வாரம் இரண்டு பேராவது என்னிடம் அதைக் கேட்கிறார்கள். கருப்பட்டியும் பெரும்பாலும் சர்க்கரைதான், ரத்தத்துக்கு நிறம் தெரியாது. அல்வா? ஊரில் இருந்துகொண்டு அதை அடியோடு விடச் சொல்ல எனக்கு மனசு வராது. மாதம் ஒரு நாள் என்று வையுங்கள், ஒரு சின்னத் துண்டு.

மைனியிடம் இந்தச் சீட்டைக் காட்டிவிடுங்கள். ராத்திரித் தட்டில் சோறு ஒரு கரண்டி குறைந்து, கூட்டோ அவியலோ ஒரு கரண்டி கூடினால், அது அடுக்களையில்தான் நடக்கும்.

நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல், இடது கை வலி வந்தால் அங்கேயே நின்று உடனே மருத்துவமனைக்குப் போங்கள். "வாயு" என்று சோடா குடித்துவிட்டுப் படுக்கக் கூடாது. அப்பாவுக்குச் சர்க்கரை இருந்ததால் ரத்த அழுத்தமும் கொழுப்பும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. எச்பிஏ1சியை மூன்று மாதம் கழித்துத்தான் திரும்பப் பாருங்கள். ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் வாழும், அதில் படிந்த சர்க்கரையைத்தான் அது அளக்கிறது, அதற்கு முன் பார்த்தால் பழைய கணக்கே வரும். நடந்த நாளைக் கடைக் காலண்டரில் பென்சிலால் சுழித்து வாருங்கள். டாக்டரிடம் போகும்போது ரிப்போர்ட்டோடு அந்த மூன்று தாளையும் கிழித்து எடுத்துக்கொண்டு போங்கள். அவர் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.