ராஜினாமா கடிதம் இப்போதைக்குப் பைக்குள்ளேயே இருக்கட்டும்

ஐசியூ நர்ஸ் வேலையை விட்டுவிடலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். வேலையை விட வேண்டாம்; முதலில் நைட் டியூட்டியை மாற்றிக் கேளுங்கள். நர்சிங் சூப்பரின்டெண்ட்டிடம் சொன்னால் 'மனசு சரியில்லாதவள்' என்று பெயர் வைத்துவிடுவார்களோ என்று பயப்படுகிறீர்கள். "தொடர் நைட்டால் தூக்கம் கெடுகிறது, ஒரு மாதம் பகல் ஷிஃப்ட் வேண்டும்" என்று எழுதிக் கொடுத்தால் போதும். வாயால் மட்டும் சொல்லாதீர்கள் அம்மிணி, காற்றோடு போய்விடும்.

பெருந்துறை பஸ்ஸில் உட்கார்ந்தாலும் ஐசியூ அலாரம் கேட்கிறது என்கிறீர்களே, ஆறு மாதம் விடாமல் நைட் பார்த்த உடம்பு அப்படித்தான் செய்யும். எனக்கெல்லாம் வீட்டில் குக்கர் விசில் அடித்தாலே கை தானாக மருந்து ஏற்றும் பம்பின் பட்டனைத் தேடும்.

ஒன்று செய்து பாருங்கள். வார லீவோடு இன்னொரு நாள் சேர்த்து எடுத்து, இரண்டு இரவும் வீட்டில் தூங்குங்கள். சத்தம் அடங்கினால் பெரும்பாலும் அசதிதான். அடங்காமல் இரண்டு வாரம் நீடித்தாலோ, நீங்கள் எழுதியிருந்த, இறந்துபோன அந்தப் பையனின் முகமே வந்துகொண்டிருந்தாலோ மனநல டாக்டரைப் பாருங்கள். வேலை பார்க்கிற இடத்திலேயே காட்ட வேண்டியதில்லை. ஈரோடு அரசு தலைமை மருத்துவமனைக்குப் போகலாம்.

வார்டில் கைக்கெட்டும் தூக்க மாத்திரையைத் தொடாதீர்கள். அப்புறம், உயிரை விட்டுவிடலாம் என்று ஒரு தடவை தோன்றினாலும் லீவு வரை காத்திருக்காமல் 14416-க்குக் கூப்பிடுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், காசில்லை.