‘ஒரு மாதிரியா இருக்கு’ – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

ஹவுஸ் சர்ஜன்சி நாட்களிலிருந்து உங்களை வாசிக்கிறேன். எம்.பி.பி.எஸ். முடித்து ஒன்றரை வருடம் ஆகிறது. அமெரிக்காவில் டாக்டராக எழுத வேண்டிய யு.எஸ்.எம்.எல்.இ. தேர்வில் ஸ்டெப் 1 பாஸ். அடுத்த கட்டமான ஸ்டெப் 2 சி.கே. தேதி ஜூலை 24. ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிவிட்டேன். பிராக்டிஸ் டெஸ்டில் 238, 241 என்றுதான் வருகிறது. அமெரிக்காவில் ஆர்த்தோ (எலும்பு அறுவை சிகிச்சை) மேற்பயிற்சியில் சேர்வது என் கனவு. ‘ஸ்கோர் இல்லாமலே செப்டம்பரில் அப்ளை செய், அக்டோபரில் எழுது, நல்லதாக வந்தால் அனுப்பிக்கொள்’ என்கிறார் ஒரு சீனியர். அம்மா பார்த்த ஜோசியரும் அக்டோபர்தான் நல்லது என்றாராம். (சிரிக்காதீர்கள்.) முழுமூச்சாகப் படிக்க வேண்டும் என்று நர்சிங் ஹோம் டியூட்டி டாக்டர் வேலையை பிப்ரவரியிலேயே விட்டுவிட்டேன். எப்போது எழுதலாம்? இன்டர்வியூக்களுக்குப் பிறகு விருப்ப வரிசையாகக் கொடுக்கும் ரேங்க் லிஸ்டில் கிடைக்கக்கூடிய இடங்களை மேலே போடுவது புத்திசாலித்தனமா?

செ., திருநெல்வேலி

அன்புள்ள செ.,

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், பேச ஆரம்பித்தால் மறந்துவிடும்.

உங்கள் சீனியர் சொல்வது காலாவதியான தந்திரம். ஸ்டெப் 1-க்கு எண் இருந்த காலத்தில், அதில் நல்ல ஸ்கோர் வாங்கியவர்கள் ஸ்டெப் 2-இல் சறுக்கிவிடுமோ என்று பயந்து அதைத் தள்ளிவைப்பார்கள். காட்டுவதற்குக் கையில் ஒன்று இருந்தது, ஆகவே செல்லுபடியானது. 2022 ஜனவரி 26 முதல் ஸ்டெப் 1 வெறும் பாஸ்-ஃபெயில். உங்களிடம் காட்ட இருக்கும் ஒரே எண் ஸ்டெப் 2. வெளிநாட்டில் படித்து, விசாவும் வேண்டும் என்கிறவரின் விண்ணப்பம் அந்த எண்ணும் இல்லாமல் போனால், பெரும்பாலான இடங்களில் கணினி வடிகட்டியிலேயே நின்றுவிடும். செப்டம்பர் கடைசி வாரத்தில் புரோகிராம்கள் (மேற்பயிற்சி தரும் மருத்துவமனைகள்) விண்ணப்பங்களைத் திறந்து பார்க்க ஆரம்பிக்கும். ரிசல்ட் வர மூன்று நான்கு வாரம் ஆகும். அதற்குப் பிறகு வரும் ஸ்கோர் தானாகப் போய்ச் சேராது. நீங்கள்தான் டிரான்ஸ்கிரிப்டை மறுபடி அனுப்பிவைக்க வேண்டும், அதற்குள் இன்டர்வியூ அழைப்புகளில் பாதிக்கு மேல் போயிருக்கும். ஆக, ஆகஸ்ட் நடுப்பகுதிதான் எல்லை. அதற்குள் 241 ஏறாது, அதோடு போகவும் மனமில்லை என்றால் இந்த வருடத்தை விட்டுவிடுங்கள். பாஸ் மார்க் 218. அதைத் தாண்டிவிட்டால் மறுபடி எழுத விடமாட்டார்கள், வாங்கியது வாங்கியதுதான்.

ஆர்த்தோ? நம்மைப் போல வெளியிலிருந்து வந்தவர்களில் அதில் நுழைபவர்கள் மிகச் சிலர். அங்கேயே ஓரிரு வருடம் ஆராய்ச்சிக் கூடத்தில் கிடந்து, தெரிந்த முகமாகி நுழைகிறார்கள். 241-ஐ 255 ஆக்கினால் திறக்கிற கதவு அல்ல அது. ரேங்க் லிஸ்டில் தந்திரமே வேண்டாம், மனதில் உள்ள வரிசையைப் போடுங்கள். அப்படிப் போட்டால் நஷ்டம் வராதபடிதான், உங்கள் வரிசையையும் மருத்துவமனைகளின் வரிசையையும் பொருத்திப் பார்க்கும் அந்தக் கணக்கையே அமைத்திருக்கிறார்கள். அந்த வகைக் கணக்குகளுக்காக ஷாப்லிக்கும் ராத்துக்கும் 2012-இல் பொருளாதார நோபலே கொடுத்தாயிற்று. ஜோசியரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

கேட்காததற்கு வருகிறேன். டியூட்டி டாக்டர் வேலையை விட்டதை, வாடகை வீடு மாறியதைச் சொல்வதுபோல ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

இங்கே அமெரிக்காவில் ஜூலை 1-ஆம் தேதி புது இன்டர்ன்கள் வருவார்கள். இந்த வருடம் வந்தவர்களில் ஒருவர் பிரமாதமான ஸ்கோர். அவரை எடுக்கலாம் என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். முதல் வாரம், எழுபதைத் தாண்டிய ஒரு அம்மாள், பண்ணைக்காரி. ‘என்ன செய்கிறது?’ என்று கேட்டதற்கு, சரியில்லை என்றார். எங்கே சரியில்லை? எங்கேயும் சரியில்லை. அந்த இன்டர்ன் கதவருகில் கணினி வண்டியைப் பிடித்துக்கொண்டு அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தார். வரவில்லை. கட்டில் பக்கம் போகலாம், கையைத் தொட்டுப் பார்க்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தோன்றாமல் போனது அவர் குற்றமில்லை. இரண்டு வருடமாக அவர் பார்த்த நோயாளிகள் எல்லோரும் திரையில் இருந்தவர்கள்.

கேள்வி வங்கியில் வரும் நோயாளியை நினைத்துப் பாருங்கள். ‘68 வயதுப் பெண், இரண்டு மணி நேரமாக நடுநெஞ்சில் அழுத்தும் வலி, இடது தோளுக்குப் பரவுகிறது, சர்க்கரை நோய் உண்டு.’ தம்பி, இதைக் கேள்வி என்கிறோம். என்னைக் கேட்டால் இது பாதிக்கு மேல் விடை. அந்த அம்மாள் இப்படிப் பேசியிருக்கவே மாட்டார். யாரோ ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, நாலு தரம் கேட்டு, பேரன் குறுக்கே சொன்னதைக் கழித்து, மருமகள் சொல்லாமல் விட்டதைச் சேர்த்து இதை எழுதிக் கொடுத்திருக்கிறார். மருத்துவம் பார்த்தது அவர். நீங்கள் அவர் போட்ட கோலத்துக்கு வண்ணம் தீட்டுகிறீர்கள்.

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்த அரசு மருத்துவமனையில் ஒருவர் வந்தார், காலையில் வயலிலிருந்து நேராக. ‘வாயு புடிச்சிருக்கு, சோடா குடிச்சும் ஏப்பம் வரல.’ அவ்வளவுதான். வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு ஜெலுசில் எழுதப் போனேன். டியூட்டியில் இருந்த ஸ்டாஃப் நர்ஸ் அக்கா அவர் சட்டையின் முதுகைத் தொட்டாள். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. ‘சார், ஒரு ஈ.சி.ஜி. எடுத்துருவோமே.’ இதயத்தின் கீழ்ச்சுவரில் மாரடைப்பு. ஐந்து விடைகளில் ஒன்றாக ‘சட்டையின் முதுகைத் தொட்டுப் பார்’ என்று எந்தத் தேர்விலும் வராது.

அதைக் கண்ணால் பார்த்தவன், பிறகு உங்களைப் போலவே செய்தேன். ஹவுஸ் சர்ஜன்சி முடிந்ததும் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் அறை. ஜெராக்ஸ் எடுத்த நோட்டுகள், மெஸ் சாப்பாடு, 14 மாதம். வேறு வேலை இல்லாமல் படிப்பதற்கென்றே ஒதுக்கும் இந்தக் காலத்தை நீங்கள் ‘டெடிகேட்டட்’ என்கிறீர்கள், அன்று அதற்குப் பெயர் கிடையாது. ஒரு நாள் மெஸ் அக்காவின் மாமியாருக்கு விடிய விடிய வாந்தி பேதி. தெருமுனை கிளினிக்கில் டாக்டர் வரவில்லை, மருந்து எடுத்துக் கொடுக்கும் பையன் மட்டும் இருந்தான். நான் டாக்டர் என்று அக்காவுக்குத் தெரியும், ஆகவே கூப்பிட்டாள். ஒரு ராத்திரியில் இருபது வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற நரம்பில் செருகும் குழாய்) போட்ட கை. ஒன்று, இரண்டு, மூன்று தரம் குத்தினேன். நரம்பு விலகி விலகிப் போனது. புறங்கை நீலமாக வீங்கிவிட்டது. சோடியம் குறைந்தால் 24 மணி நேரத்தில் எவ்வளவுதான் ஏற்றலாம் என்று எனக்குத் தூக்கத்தில் எழுப்பினாலும் தெரியும். ஏற்றுவதற்கு வழிதான் கிடைக்கவில்லை. கிழவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, “இன்னொரு தபா குத்துப்பா, ஒண்ணும் ஆவாது” என்றாள். நான் குத்தவில்லை. ஆட்டோ பிடித்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். சாயங்காலம் பிழைத்து வந்துவிட்டாள். மறுநாள் முதல் என் தட்டில் ஒரு கரண்டி கூடுதல் பொரியல் விழுந்தது. எனக்கு அது இறங்கவில்லை.

உடனே ‘சார், கேள்விகள் போடாமல் 255 எப்படி வரும்?’ என்பீர்கள். போடுங்கள், ஐயா. யார் வேண்டாம் என்றது? ஆறு நாள் போடுங்கள். ஏழாவது நாள் அந்த நர்சிங் ஹோமில் போய் ஒரு நைட் டியூட்டி கேளுங்கள். திட்டினாலும் கொடுப்பார்கள், ராத்திரிக்கு ஆள் கிடைக்காமல்தான் அல்லாடுகிறார்கள். அக்டோபரில் என் மேசைக்கு வரும் விண்ணப்பங்களில் ஸ்கோருக்கு அடுத்து நான் பார்ப்பது அந்த இடைவெளியைத்தான், கடைசியாக நோயாளி பார்த்தது எந்த மாதம் என்று. படிப்பு முடித்து இத்தனை வருடம் தாண்டியவர்கள் வேண்டாம் என்று வெளிப்படையாகவே போட்டிருக்கும் இடங்கள் உண்டு. அந்தக் கணக்குக்காகவும் சொல்கிறேன், ஆனால் முக்கியமாக அதற்காகச் சொல்லவில்லை.

நீளமான கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தையும் இரண்டு முறை படித்தேன். எண்கள் பதினேழு இருந்தன, எண்ணிப் பார்த்தேன். நோயாளி ஒருவர்கூட இல்லை. பிப்ரவரியில் வேலையை விட்ட கடைசி ராத்திரி யார் வந்தார்கள், என்ன சொல்லி வந்தார்கள்? நினைவிருந்தால் அதை எழுதி அனுப்புங்கள், அவர்கள் சொன்ன சொல்லிலேயே. தேர்வை ஆகஸ்ட் 10 வாக்கில் வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்.

பி.கு.: அம்மாவைக் கடிந்துகொள்ள வேண்டாம். ஜோசியரிடம் அவர் தேர்வுத் தேதியை மட்டும்தான் கேட்டிருப்பார். செப்டம்பர் கடைசி வாரத்தில் விண்ணப்பத்தைத் திறந்துவிடுவார்கள் என்பதையும் சொல்லி, ஆகஸ்டில் ஏதாவது நல்ல நாள் தேறுமா என்று மறுபடி கேட்கச் சொல்லுங்கள். அவர்கள் பார்த்துத் தருவார்கள்.