மறு: 'த்ரீ மென் அண்ட் அடீனா' பாதியில் நிற்கிறதா?

அத்தியாயம் முடிவில்லாமல் நிற்கிறதே, பிரதி வெட்டுப்பட்டதா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் பிரதியில் எதுவும் வெட்டுப்படவில்லை. 'ஹோமிசைட்: லைஃப் ஆன் தி ஸ்ட்ரீட்' என்ற அமெரிக்கப் போலீஸ் தொடரின் இந்த 1993 அத்தியாயம், சிறுமி அடீனாவின் கொலையில் சந்தேகிக்கப்படும் ரிஸ்லி டக்கர் கைதாகாமலேயே முடிகிறது. எழுத்தாளர் டாம் ஃபான்டானாவுக்கு எம்மி தொலைக்காட்சி விருது வாங்கித் தந்த எழுத்து இது.

நீங்கள் தவறவிட்டது, அவரை விசாரிக்கத் துப்பறிவாளர்களுக்கு இருக்கும் 12 மணி நேரக் கெடு. டக்கரை ஏற்கெனவே விசாரித்தாயிற்று. இதுதான் கடைசி வாய்ப்பு. கையில் உள்ள தடயம் வழக்குக்குப் போதாது, வாக்குமூலம் கட்டாயம் வேண்டும். குதிரை வண்டியில் பழம் விற்கும் அந்தக் கிழவர் கடைசியில் உடைவதென்னவோ உண்மை. ஆனால் ஒப்புக்கொள்வது 11 வயது அடீனா மேல் வைத்திருந்த ஆசையை, கொலையை அல்ல. கெடு முடிந்ததும் விட்டுத்தான் ஆக வேண்டும்.

அடுத்த முறை துப்பறிவாளர்கள் இருவரையும் கவனியுங்கள். டக்கர் குற்றவாளி என்று நம்பாமல் உள்ளே போன பெம்பிள்டன் 'இவன்தான்' என்று வெளியே வருகிறார். உறுதியாக இருந்த பெய்லிஸுக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. இருவரின் நிலைப்பாடும் இப்படித் தலைகீழாவதுதான் முடிவு. அதை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய போலீஸ் தொடர்கள் குறைவு.

சிறுமியின் உடல் கிடைப்பது முதல் அத்தியாயத்தின் இறுதியில். அங்கிருந்து வரிசையாகப் பாருங்கள். 4ஆம் பருவத்தில் 'ரெக்வியம் ஃபார் அடீனா' இருக்கிறது. கொலையாளி யார் என்பதற்கு அதிலும் விடை கிடைக்காது.