தினக் கையெழுத்தை வாரக் கையெழுத்தாக மாற்ற முடியுமா?

கேள்வி: மதுரையில் ஒரு அடிதடி வழக்கில் தம்பிக்கு மாஜிஸ்திரேட் ஜாமீன் கொடுத்தார். மறு உத்தரவு வரும்வரை தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும். திருப்பூர் வேலைக்குத் திரும்ப முடியவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: நிபந்தனை விதித்த அதே நீதிமன்றத்தில், நிபந்தனையைத் தளர்த்தக் கோரி வழக்கறிஞர் மூலம் மனு போடுங்கள். மாஜிஸ்திரேட் மறுத்தால் செஷன்ஸ் நீதிமன்றம் போகலாம். மாஜிஸ்திரேட் விதித்த நிபந்தனையை மாற்றும் அதிகாரத்தை, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பிஎன்எஸ்எஸ் எனும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 483-ஆவது பிரிவு அதற்குத் தருகிறது. உயர் நீதிமன்றம் விதித்த நிபந்தனை என்றால் அங்கேயேதான் கேட்க வேண்டும்.

இதுவரை ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டாரா என்பதைத்தான் நீதிபதி முதலில் பார்ப்பார். அரசு வழக்கறிஞர் அதைக் காவல் நிலையத்தில் கேட்டுச் சொல்வார். ஏதாவது ஒரு நாள் விடுபட்டிருந்தால், மருத்துவச் சீட்டு போன்ற ஆதாரத்தோடு மனுவிலேயே சொல்லிவிடுங்கள். மறைத்து, அது போலீஸ் தரப்பிலிருந்து வெளிவந்தால் நல்ல காரணமும் எடுபடாது.

‘நிபந்தனையை ரத்து செய்யுங்கள்’ என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். திங்கள்தோறும் மட்டும் கையெழுத்து, அல்லது திருப்பூரில் தங்கும் இடத்துக்குரிய காவல் நிலையத்தில் கையெழுத்து என்று மாற்று வழியையும் எழுதுங்கள். ஓடிவிடுவாரோ, சாட்சிகளை மிரட்டுவாரோ என்பதுதான் நீதிமன்றத்தின் கவலை. எனவே ஜாமீன் உத்தரவு நகலோடு கம்பெனிக் கடிதம், சம்பளச் சீட்டு, திருப்பூர் முகவரிச் சான்று ஆகியவற்றையும் இணையுங்கள். விசாரணை எந்தக் கட்டத்தில் இருக்கிறது, குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டதா என்பதையும் குறிப்பிடுங்கள். எஸ்சி, எஸ்டி வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்காக இருந்தால் பாதிக்கப்பட்டவருக்கும் தகவல் கொடுத்து, அவர் தரப்பையும் கேட்க வேண்டும். அதற்கும் நாள் பிடிக்கும்.

பலரும் சறுக்குவது ஓர் இடத்தில்தான். மனு போட்டாயிற்று, குற்றப்பத்திரிகை வந்தாயிற்று என்று தாங்களாகவே கையெழுத்தை நிறுத்திவிடுகிறார்கள். ‘மறு உத்தரவு வரும்வரை’ என்றால் நீதிமன்றம் எழுத்தில் மாற்றும்வரை என்றுதான் பொருள். நிறுத்தினால் ஜாமீனை ரத்து செய்யச் சொல்லி போலீஸே மனு போடலாம்.

தளர்வு கிடைத்ததும் உத்தரவு நகலை மதுரைக் காவல் நிலையத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். இடம் மாறியிருந்தால் திருப்பூர் காவல் நிலையத்திலும் ஒரு நகல் கொடுங்கள்.