சனிக்கிழமை ஒன்பதிலிருந்து அஞ்சு வரைக்கும்

தம்பி, ஏற்காடு ரிசார்ட்டுல ஹவுஸ்கீப்பிங் பார்க்கிறதாவும், கிரீஸ்ல சார்ட்டர் படகுல, அதாவது சுற்றுலாவுக்கு வாடகைக்கு விடுற படகுல, வேலை வந்திருக்கிறதாவும் எழுதியிருந்தீங்க. கெஸ்ட் ஏறுறதுக்கு முன்னாடி படகுல என்னென்ன செய்யணும், ஹோட்டல் அனுபவம் அங்க எடுபடுமான்னு கேட்டீங்க. நானும் சேலம் அஸ்தம்பட்டிக்காரன்தான். பல வருஷமா ஏதென்ஸ் பக்கத்துல அலிமோஸ் மரீனாங்கிற படகுத்துறையில இதே பொழப்பு.

நல்லாவே எடுபடும். மே மாசக் கோடை விழா கூட்டத்துல ஒரு குடும்பம் காலி பண்ண கையோட அடுத்த குடும்பத்துக்கு ரூம் கொடுத்துப் பழகினவர் நீங்க. இங்க சீசன் முழுக்க ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே கதைதான். காலை ஒன்பது மணிவாக்குல பழைய கூட்டம் இறங்கும், சாயங்காலம் அஞ்சுக்குப் புதுக் கூட்டம் ஏறும். டீசலை வெள்ளிக்கிழமை திரும்பி வரும்போதே போட்டுடுவோம். சனிக்கிழமை அந்த வரிசையில நின்னா பொழுது அங்கேயே போயிடும்.

நீங்க புதுசாப் பழக வேண்டியது தண்ணி விஷயம். ஐம்பதடி கேடமரான்ல (ரெண்டு அடிப்பாகம் உள்ள படகு) தொட்டி பெரும்பாலும் ஆயிரம் லிட்டருக்குள்ளதான். பத்துப் பேர் குளிச்சா எத்தனை நாள் வரும்னு நீங்களே கணக்குப் போடுங்க. சின்னத் தீவுகள்ல நல்ல தண்ணிக்குக் காசு கொடுக்கணும், அதுவும் கேட்ட நேரத்துக்குக் கிடைக்காது. அதனால ஓஸைத் தொட்டியில விட்டுட்டுத்தான் மத்த வேலையைத் தொடுவோம்.

அடுத்தது பாத்ரூம். பளபளன்னு துடைச்சா மட்டும் பத்தாது. ஷவர் தண்ணி தானா ஓடிடாது, பம்புதான் இழுத்து வெளிய தள்ளும். அதோட வடிகட்டியைக் கழட்டினா போன வாரத்துக் கெஸ்ட்டோட முடி மொத்தமும் சுருட்டிக்கிட்டு வரும். அதை எடுக்காம விட்டா, ரெண்டாம் நாளே கணுக்கால் அளவு தண்ணி நிக்கும். கழிவறை ஒவ்வொண்ணையும் ஓடவிட்டுப் பார்க்கணும். டிஷ்யூ பேப்பர் குப்பைக் கூடைக்குத்தான் போகணும், ஏறினவுடனே கெஸ்ட்கிட்ட இதைக் கூச்சப்படாம சொல்லிடணும். நடுக்கடல்ல அடைச்சா கையை விடப் போறது நீங்கதான்.

வெளிய உப்பு. நல்ல தண்ணி அடிச்ச சூட்டோட ஷாமி துணியால ஒத்தி எடுக்கணும். வெயில்ல தானா காய விட்டா கண்ணாடியிலயும் எவர்சில்வர் கம்பியிலயும் வெள்ளைப் பொட்டு நிக்கும். தேக்குத் தளத்தை மர ரேகைக்குக் குறுக்கேதான் தேய்க்கணும். ரேகையோட போனா மிருதுவான நார் பேந்து பலகை வரிவரியாப் பள்ளமாகிடும்.

மளிகை வந்தா அட்டைப்பெட்டியோட உள்ள ஏத்தவே கூடாது. அட்டை மடிப்புல கரப்பான் முட்டை இருக்கும். பிரிச்சுக் கரையிலேயே போட்டுடுவோம். யாருக்கு எது ஒவ்வாது, யார் சைவம்னு கெஸ்ட் முன்கூட்டியே எழுதி அனுப்பின தாளைக் கையில வச்சுக்கிட்டுதான் எண்ணி அடுக்குவோம். கயிறு அவுத்ததுக்கு அப்புறம் ஓடிப்போய் வாங்கிட்டு வர நம்ம சேலம் லீ பஜாரா இருக்கு? ஜூலை, ஆகஸ்ட்ல மெல்தெமின்னு ஒரு வடகாத்து அடிக்கும், படகு ஆடும். அதனால பாட்டிலுக்கு நடுவுல துண்டைச் செருகி, எல்லா இழுப்பறையும் கொக்கி விழுந்துச்சான்னு இழுத்துப் பார்த்துடுங்க. லைஃப் ஜாக்கெட்டைக் குழந்தைகள் அளவும் சேர்த்து எண்ணுங்க. அப்புறம் ஏறுபலகைகிட்ட செருப்புக் கூடை வைக்கணும். நம்ம ஊர்க்காரங்க கேட்காமலே கழட்டிடுவாங்க, மத்தவங்களுக்குத்தான் சொல்லணும்.

சம்பளம் பத்திக் கேட்டீங்க. டிப்ஸ் வாரத்துக்கு வாரம் மாறும், அதை நம்பிக் கடன் வாங்காதீங்க. சேலத்துல ஏஜென்ட் ஒருத்தர் லட்சக்கணக்குல கேட்கிறார்னு எழுதினது எனக்குச் சுத்தமாப் பிடிக்கலை. 2006 கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015-லயே ஏத்துக்கிச்சு. வேலை வாங்கித் தர்றதுக்கு ஆள்கிட்ட காசு வாங்கவே கூடாதுங்கிறது அதோட விதி. பாஸ்போர்ட், மருத்துவச் சான்று, கடலோடி அடையாளப் புத்தகம் இதுக்கு மட்டும்தான் உங்க செலவு. அவர்கிட்ட கப்பல்துறை இயக்குநரகத்தோட ஆர்பிஎஸ்எல் உரிமம், அதாவது கப்பல் வேலைக்கு ஆள் எடுக்கிறதுக்கான உரிமம், இருக்கான்னு கேளுங்க. தடுமாறினார்னா விட்டுடுங்க.

எஸ்டிசிடபிள்யூ அடிப்படைப் பயிற்சியை (கடல்ல வேலை பார்க்கிறவங்களுக்கான பாதுகாப்புப் பயிற்சி) இந்த மழைக்காலத்துலயே சென்னையில முடிச்சிடுங்க. டிசம்பர்ல நான் ஊருக்கு வர்றேன். ஒப்பந்தத்தை எடுத்துக்கிட்டு மலையிறங்கி வாங்க, உட்கார்ந்து வரி வரியாப் படிக்கலாம். அதுவரைக்கும் எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க.